மொழிபெயர்ப்பாளர் நாற்காலியிலிருந்து பாரிஸ்டர் மேசைக்கு

வடமேற்கு லண்டனிலிருந்து ஒரு சகோதரி நான்கு பக்கக் கடிதம் எழுதியிருக்கிறார். அவர் யாரென்று தெரியாதபடி சில விவரங்களை மாற்றித் தருகிறேன்.

வயது 41. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் விஞ்ஞானப் பட்டம் பெற்றவர். திருமணமாகி இங்கே வந்த பிறகு ஒரு முதுகலைப் பட்டமும் முடித்திருக்கிறார். பதினொரு ஆண்டுகளாகத் தமிழ் மொழிபெயர்ப்பாளர். டெய்லர் ஹவுஸ், ஹட்டன் குரோஸ் தீர்ப்பாயங்களில் புகலிட வழக்குகளுக்கும், இடையிடையே மருத்துவமனைகளுக்கும் போகிறார். கணவர் சுரங்க ரயிலில் வேலை பார்க்கிறார். பதினான்கு, பத்து வயதுகளில் இரண்டு பிள்ளைகள். வீட்டுக் கடன் ஓடிக்கொண்டிருக்கிறது. சேமிப்பு 28,000 பவுண்டு.

“எங்கள் ஆட்களின் கதையை இன்னொருவர் அரைகுறையாகச் சொல்வதைக் கேட்டுக்கொண்டு, பக்கத்தில் வாய்மூடி உட்கார்ந்திருக்க என்னால் இனி முடியாது” என்று எழுதுகிறார். வரும் கோடையோடு வேலையை விட்டுவிட்டு, ஓராண்டு சட்டப் பட்டயம், ஓராண்டு பார் படிப்பு என்று இரண்டே ஆண்டில் பாரிஸ்டர், அதாவது நீதிமன்றத்தில் எழுந்து வாதாடும் வழக்கறிஞர், ஆகி, ஹாரோவில் சொந்த அலுவலகம் திறப்பது அவருடைய திட்டம். இந்த வயதில் முடியுமா, இலங்கைப் பட்டம் செல்லுமா என்று கேட்கிறார். கட்சிக்காரரோடு இருந்து வழக்கைத் தயாரிக்கும் சொலிசிட்டர் ஆகலாமே என்று தோழி சொன்னாராம். “சொலிசிட்டர்கள் வாதாட முடியாதே” என்பது இவருடைய பதில். கடைசிப் பக்கத்தில், போகிற போக்கில் ஒரு செய்தி: சனிக்கிழமைகளில் ஒரு கோவில் மண்டபத்தில் உட்கார்ந்து, வருகிறவர்களுக்கு உள்துறை அமைச்சின் கடிதங்களை வாசித்துக் காட்டி, விண்ணப்பம் நிரப்பி, என்ன எழுதினால் நல்லது என்றும் சொல்லிக் கொடுக்கிறார். பணம் வாங்குவதில்லை. இதை அனுபவமாகக் காட்டலாமா என்பது அவருடைய கடைசிக் கேள்வி.

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடைசிக் கேள்விக்கே முதலில் வருகிறேன். மற்றவற்றை யோசித்து முடிவெடுக்க மாதங்கள் இருக்கின்றன. இதற்கு அடுத்த சனிக்கிழமை வரைதான் நேரம் இருக்கிறது.

சனிக்கிழமை உதவி

கடிதத்தை வாசித்துத் தமிழில் சொல்வது மொழிபெயர்ப்பு. “இந்தக் கேள்விக்கு இப்படி எழுதுங்கள், அந்தப் பத்திரத்தை இணையுங்கள், மேல்முறையீடு செய்யுங்கள்” என்று ஒருவருடைய வழக்குக்கு ஏற்பச் சொல்வது குடிவரவு ஆலோசனை. 1999ஆம் ஆண்டின் குடிவரவு, புகலிடச் சட்டப்படி தகுதியும் பதிவும் இல்லாதவர்கள் தொழில்முறையாக அந்த ஆலோசனையைத் தருவது குற்றம். இரண்டு ஆண்டு வரை சிறைத் தண்டனை விதிக்கலாம். “பணம் வாங்கவில்லையே” என்பது போதிய பதில் அல்ல. இலாப நோக்கம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் பொருந்தும் என்றே அந்தச் சட்டம் எழுதப்பட்டிருக்கிறது. உறவினர் ஒருவருக்கு ஒருமுறை கைகொடுப்பது வேறு. வாரந்தோறும் குறித்த இடத்தில், குறித்த நேரத்தில், வருகிற எல்லோருக்கும் செய்வது வேறு. உங்கள் மண்டபத்து மேசை இரண்டாவது வகைக்கு மிக அருகில் நிற்கிறது.

உங்களைப் பயமுறுத்துவதற்காக இதைச் சொல்லவில்லை. நல்ல மனத்தோடு செய்கிறீர்கள் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் பாரிஸ்டராகச் சேருவதற்கு முன், நீங்கள் உறுப்பினராகும் “இன்” (பாரிஸ்டர்களின் பழைய சங்கம்) உங்கள் நடத்தையைப் பற்றி உறுதிமொழி கேட்கும். குற்றப் பதிவுச் சான்றும் பார்ப்பார்கள். எந்த மேசையை விண்ணப்பத்தில் பெருமையோடு காட்ட நினைக்கிறீர்களோ, அதுவே உங்கள் வழியை அடைத்துவிடக் கூடும். இன்னொன்றையும் எண்ணிப் பாருங்கள். சனிக்கிழமை உங்களிடம் வந்தவர் செவ்வாய்க்கிழமை டெய்லர் ஹவுஸில் மேல்முறையீட்டாளராக நின்று, நீங்களே அவருக்கு மொழிபெயர்க்க அமர்ந்தால்? அந்த வழக்கின் சாட்சியமே கேள்விக்குள்ளாகும். அதனால் வரும் நட்டம் அவருக்குத்தான்.

ஆகவே ஆலோசனை சொல்வதை இப்போதே நிறுத்துங்கள். கடிதத்தை வாசித்துச் சொல்லுங்கள். கடைசித் தேதி எது என்பதைக் காட்டுங்கள். பிறகு பதிவுபெற்ற ஆலோசகர் ஒருவரிடம் அனுப்புங்கள். இந்த வேலையை முறையாகச் செய்வதற்கே ஒரு வழி இருக்கிறது. அதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

பட்டம் வேறு, தொழில் வேறு

நம் வீடுகளில் “பாரிஸ்டர் படிப்பு” என்றே சொல்லிப் பழகிவிட்டோம். பெட்டியோடு கப்பலேறிப் போய்ப் பட்டத்தோடு திரும்பி வருவது என்ற அந்தப் பழைய படம் இன்னும் மனத்தில் இருக்கிறது. காந்தி 1891 ஜூன் 10ஆம் தேதி இன்னர் டெம்பிளில் பாரிஸ்டராக அழைக்கப்பட்டார். 12ஆம் தேதி ஊருக்குக் கப்பலேறினார். அன்றைக்கு அது போதுமாக இருந்தது. இன்றைக்கு இங்கிலாந்தில் தொழில் செய்ய அது போதாது. உங்கள் திட்டத்தில் உள்ள பெரிய பிழை இதுதான்.

மூன்று படிகள் இருக்கின்றன. முதலாவது சட்ட அறிவு. சட்டம் அல்லாத பட்டம் பெற்றவர்கள் ஒரு சட்டப் பட்டயம் படிக்க வேண்டும். முழுநேரமாக ஓராண்டு, பகுதிநேரமாக இரண்டு ஆண்டு. உங்கள் யாழ்ப்பாணப் பட்டம் இங்குள்ள இரண்டாம் வகுப்பின் கீழ்ப்பிரிவுக்காவது நிகராக இருக்க வேண்டும். வெளிநாட்டுப் பட்டம் என்பதற்காக யாரும் தள்ளிவிட மாட்டார்கள். ஆனால் அந்த மதிப்பீட்டைப் பணம் கட்டும் முன்பே படிப்பு நடத்தும் நிறுவனத்திடம் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். இரண்டாவது பார் படிப்பு. சிவில் வழக்கு நடைமுறை, குற்றவியல் நடைமுறை, தொழில் ஒழுக்கம், வாதிடும் கலை, மனு எழுதுதல் எல்லாம் அதில் வரும். அதைத் தொடங்கும் முன் லிங்கன்ஸ் இன், இன்னர் டெம்பிள், மிடில் டெம்பிள், கிரேஸ் இன் ஆகிய நான்கு இன்களில் ஒன்றில் உறுப்பினராக வேண்டும். பாரிஸ்டராக அழைக்கப்படுவதற்குள் அங்கே நடக்கும் பத்துத் தகுதி அமர்வுகளையும் முடிக்க வேண்டும். இவை முடிந்தால் உங்களைப் பாரிஸ்டராக அழைப்பார்கள். விழா நடக்கும், புகைப்படம் எடுப்பார்கள், உறவினர்கள் மகிழ்வார்கள்.

ஆனால் அந்தப் புகைப்படத்தை வைத்துக்கொண்டு ஒரு வழக்கிலும் எழுந்து நிற்க முடியாது. மூன்றாவது படியான பியூபிலேஜ் என்ற பன்னிரண்டு மாதப் பயிற்சி முடிந்தால்தான் முழுத் தொழில் உரிமம். அதில் முதல் ஆறு மாதம் மூத்தவர் ஒருவரின் நிழலில் இருந்து கற்க வேண்டும். அடுத்த ஆறு மாதம் அவருடைய மேற்பார்வையில் நீங்களே வழக்குக்குப் போகலாம். பியூபிலேஜ் இல்லாதவர், அழைக்கப்பட்டவராகவே இருந்தாலும், சட்ட சேவை தரும்போது தன்னைப் பாரிஸ்டர் என்று சொல்லிக்கொள்ளக் கூடாது. பார் படிப்பை முடித்த ஐந்து ஆண்டுக்குள் பியூபிலேஜைத் தொடங்கியாக வேண்டும்.

நாடு முழுவதும் ஆண்டுக்கு ஏறத்தாழ 500 முதல் 600 பியூபிலேஜ் இடங்கள்தான் கிடைக்கின்றன. கேட்பவர்கள் அதைப் போலப் பல மடங்கு. எனக்கு மூன்றாவது ஆண்டில்தான் கிடைத்தது. முதல் இரண்டு ஆண்டுகளில் வந்த மறுப்புக் கடிதங்களின் வாசகம் இன்னும் மனப்பாடமாக இருக்கிறது. என்னோடு படித்த ஒரு பெண்மணி என்னைவிட நன்றாக வாதிடுவார். ஐந்து ஆண்டுகளும் முயன்றார், கிடைக்கவில்லை. அவருடைய கடனை அடைக்க அதற்குப் பிறகும் ஆறு ஆண்டு ஆனது. உங்கள் கடிதத்தில் பியூபிலேஜ் என்ற சொல் ஓரிடத்தில்கூட இல்லை என்பதால்தான் இவ்வளவு விரித்து எழுதுகிறேன்.

ஹாரோ அலுவலகம் பற்றியும் ஒரு வார்த்தை. தொழிலுக்கு வந்த முதல் மூன்று ஆண்டு, வழிகாட்டத் தகுதியுள்ள அனுபவசாலி ஒருவர் இருக்கும் இடத்திலிருந்துதான் பாரிஸ்டர் பணிபுரிய வேண்டும் என்பது விதி. தனியாகப் பலகை மாட்ட முடியாது. பெரும்பாலோர் சேம்பர்ஸ் எனப்படும், பாரிஸ்டர்கள் பலர் சேர்ந்து இயங்கும் அலுவலகம் ஒன்றில் இடம் பிடித்து, அங்குள்ள கிளார்க்குகள் வழியாக வழக்குப் பெற்று, வருமானத்தில் ஒரு பங்கை அந்த இடத்துக்குக் கொடுக்கிறார்கள்.

வயது

வயது தடை இல்லை. 2010ஆம் ஆண்டின் சமத்துவச் சட்டம் இருக்கிறது என்பதற்காக மட்டும் சொல்லவில்லை. மருத்துவராக இருந்தவர் மருத்துவக் கவனக்குறைவு வழக்குகளுக்கும், பொறியாளராக இருந்தவர் கட்டுமான வழக்குகளுக்கும் வந்து நன்றாக நிலைத்திருப்பதைப் பார்க்கிறோம். முன்தொழில் உங்கள் கையில் எதைக் கொடுத்திருக்கிறது என்பதே கேள்வி.

உங்கள் தமிழ்தான் உங்கள் மூலதனம் என்று எழுதியிருக்கிறீர்கள். பாதிதான் சரி. நீங்கள் பாரிஸ்டராக நின்றாலும் மொழிபெயர்க்க வேறொருவர்தான் அமர்வார். அவர் ஒரு சொல்லைத் தவறவிட்டால் உங்களுக்கு உடனே தெரியும், அவ்வளவுதான். உண்மையான மூலதனம், சொல்லுக்குச் சொல் எடை பார்க்கும் உங்கள் காது. 2019இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த கே.வி. வழக்கை நீங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். சித்திரவதைத் தழும்புகளோடு வந்த ஓர் இலங்கைத் தமிழர். பிறரைக் கொண்டு தானே சூடு வைத்துக்கொண்டாரோ என்ற சந்தேகத்தின் பேரில் கீழ்நீதிமன்றங்களில் தோற்றவர். அந்த வழக்கு நின்றதே சொற்களின் எடையில்தான். சித்திரவதைக் காயங்களை ஆவணப்படுத்தும் இஸ்தான்புல் நெறிமுறையில் மருத்துவர்களுக்கு ஐந்து படிகள் உண்டு: பொருந்தவில்லை, பொருந்துகிறது, மிகவும் பொருந்துகிறது என்று தொடங்கி, வேறெதுவும் காரணமாக இருக்க முடியாது என்பது வரை. ஒரு படிக்கும் அடுத்த படிக்கும் உள்ள தூரத்தில் ஒரு மனிதரின் வாழ்க்கை இருந்தது. உச்ச நீதிமன்றம் மேல்முறையீட்டை ஏற்று மறுவிசாரணைக்கு அனுப்பியது. “அடித்தார்கள்” என்பதற்கும் “தாக்கினார்கள்” என்பதற்கும் இடையில் பதினொரு ஆண்டு உட்கார்ந்திருந்த ஒருவருக்கு இந்த வேலை அந்நியமானதல்ல. நேர்முகத்தில் இதைச் சொல்லுங்கள். ஆனால் நீங்கள் மொழிபெயர்த்த எந்த வழக்கின் விவரத்தையும், பெயர் மாற்றிக்கூட, எங்கும் சொல்லாதீர்கள். இரகசியம் காப்பவர் என்பதே இந்தத் தொழிலுக்கு நீங்கள் கொண்டுவரும் முதல் சான்று.

பணம்

சட்டப் பட்டயத்துக்கு நிறுவனத்தைப் பொறுத்து 8,000 முதல் 14,000 பவுண்டு வரை ஆகலாம். பார் படிப்பு லண்டனில் ஏறத்தாழ 15,000 பவுண்டும் அதற்கு மேலும். இரண்டையும் கூட்டினாலே உங்கள் சேமிப்பில் பெரும்பகுதியோ முழுவதுமோ போய்விடும். உங்கள் வருமானம் நின்றுபோகும் காலத்து வீட்டுக் கடனை அதில் சேர்க்கவே இல்லை. அரசின் முதுகலைக் கடனை நம்பியிருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். அந்தக் கடன் ஏற்கனவே முதுகலைப் பட்டம் வைத்திருப்பவர்களுக்குக் கிடையாது. உங்களிடம் ஒன்று இருக்கிறது. அந்த வரியைத் திட்டத்திலிருந்து அடித்துவிடுங்கள்.

உங்களுக்கு உண்மையில் உதவக்கூடியது இன்களின் உதவித்தொகை. நான்கும் சேர்ந்து ஆண்டுதோறும் பல மில்லியன் பவுண்டு கொடுக்கின்றன. தகுதியைப் பார்த்துத் தேர்ந்து, சில இன்களில் குடும்ப வருமானத்தைப் பார்த்துத் தொகையை முடிவு செய்கிறார்கள். ஓர் இன்னுக்கு மட்டுமே விண்ணப்பிக்கலாம். பார் படிப்புக்கான உதவித்தொகை விண்ணப்பம் அதற்கு முந்தைய ஆண்டு நவம்பர் தொடக்கத்தில் முடிந்துவிடும். நம்மவர்கள் பலர் இந்தத் தேதியைத் தவறவிட்டுவிட்டு வந்து என்னிடம் வருந்தியிருக்கிறார்கள்.

பியூபிலேஜ் காலத்தில் குறைந்தபட்ச ஊதியம் உண்டு. 2025இல் லண்டனில் 24,000 பவுண்டுக்குச் சற்று மேல். அதன் பிறகு சொந்தத் தொழில். புகலிட வழக்குகள் பெரும்பாலும் சட்ட உதவி நிதியில் நடப்பவை. தொகை குறைவு, வந்து சேரவும் காலம் பிடிக்கும். 2013 ஏப்ரலுக்குப் பிறகு குடிவரவு வழக்குகளில் பெரும்பகுதிக்கு அந்த நிதியே நிறுத்தப்பட்டது. புகலிடமும் வேறு சில வகை வழக்குகளும் தப்பின. முதல் சில ஆண்டுகள் இப்போது மொழிபெயர்ப்பில் நீங்கள் சம்பாதிப்பதைவிடக் குறைவாக வரலாம் என்று கணவரிடம் இன்றே சொல்லிவிடுங்கள்.

என் தொழிலில் நான் யாருக்கும் சொல்லும் ஒரே கண்டிப்பான விதி இது: பியூபிலேஜோ பெரிய உதவித்தொகையோ கையில் வராமல் பார் படிப்புக்குச் சொந்தப் பணத்தைக் கட்டாதீர்கள். காலக்கணக்கு இதற்கு இடம் கொடுக்கிறது. பட்டயத்தை வேலையை விடாமல் பகுதிநேரமாகப் படியுங்கள். இரண்டாம் ஆண்டு நவம்பரில் உதவித்தொகைக்கு விண்ணப்பியுங்கள். ஜனவரியில் பியூபிலேஜ் கேட்வே என்ற இணையவழி விண்ணப்பத் தளம் திறக்கும், அதன் வழியே இருபது இடங்கள் வரை விண்ணப்பிக்கலாம். மே மாதத்தில் முடிவு தெரியும். கிடைத்தால் செப்டம்பரில் பார் படிப்பு. கிடைக்காவிட்டால் பட்டயத்தோடு நின்று, மறு ஆண்டு மீண்டும் முயலுங்கள். அப்போது நீங்கள் இழந்திருப்பது பட்டயக் கட்டணம் மட்டுமே, அதுவும் இழப்பாகாது. இந்த வழியில் போனால் முழு பாரிஸ்டராக நிற்கும்போது உங்களுக்கு 46 வயதாவது ஆகும்.

எழுந்து நிற்பதா, பக்கத்தில் இருப்பதா

தோழி சொன்னதை அவ்வளவு விரைவாகத் தள்ளாதீர்கள். சொலிசிட்டர்கள் வாதாட முடியாது என்பது சரியல்ல. நீங்கள் தினமும் உட்காரும் முதல்நிலைத் தீர்ப்பாயத்தில் சொலிசிட்டர் எழுந்து வாதாடலாம். உயர் நீதிமன்றத்துக்கும் அதற்கு மேலும் போகக் கூடுதல் தகுதி ஒன்று பெற வேண்டும், அவ்வளவே. 2021 முதல் சொலிசிட்டர் ஆவதற்கு எஸ்.கியூ.இ. என்ற இரண்டு கட்டத் தேர்வும், இரண்டு ஆண்டுத் தகுதிப் பணியும் போதும். தேர்வுக் கட்டணம் இரண்டும் சேர்ந்து 5,000 பவுண்டு அளவில் வரும். அந்தப் பணியை நான்கு இடங்கள் வரை பிரித்துச் செய்யலாம். ஒரு சட்ட நிறுவனத்தில் வழக்குப் பணியாளராக இருந்ததும், சட்ட மையத்தில் தொண்டராக இருந்ததும், ஒரு சொலிசிட்டர் உறுதிப்படுத்தினால் கணக்கில் சேரும். பியூபிலேஜ் போல ஒரே குறுகிய வாசலில் எல்லோரும் முட்டிமோத வேண்டியதில்லை.

முன்னே சொல்வதாகச் சொன்ன வழி இதைவிடச் சிறியது, இதைவிட விரைவானது. குடிவரவு ஆலோசனை ஆணையத்தில் பதிவுபெற்ற ஆலோசகராவது. 2025 ஜனவரி வரை ஓ.ஐ.எஸ்.சி. என்று நாம் அழைத்த அமைப்புதான் இது. மூன்று நிலைகள் உண்டு. மூன்றாம் நிலையில் இருப்பவர் தீர்ப்பாயத்திலேயே வாதாடலாம். சட்டப் பட்டம் தேவையில்லை. தேர்வும் மேற்பார்வையும் உண்டு. பதிவுபெற்ற தொண்டு அமைப்பு ஒன்றில் முதல் நிலையில் சேர்ந்தால், உங்கள் சனிக்கிழமை வேலையின் ஒரு பகுதியைச் சட்டப்படியே தொடரலாம். புகலிட மனுவைத் தயாரிக்க இரண்டாம் நிலை வேண்டும். பின்னால் பாரிஸ்டருக்கோ சொலிசிட்டருக்கோ போனாலும் இந்த அனுபவம் விண்ணப்பத்தில் கனமாக நிற்கும்.

எது உங்களுக்கு ஏற்றது என்பதை நான் முடிவு செய்ய முடியாது. ஆனால் உங்கள் கடிதத்தை மூன்று முறை வாசித்தேன். நீங்கள் நெகிழ்ந்து எழுதிய இடங்கள் எல்லாம் இடைவேளையில் கைநடுங்கத் தேநீர்க் கோப்பையைப் பிடித்திருந்த அம்மாவைப் பற்றி, விண்ணப்பத்தை மடியில் வைத்துக்கொண்டு அழுத பையனைப் பற்றி. பாரிஸ்டர் அந்த அம்மாவை வழக்குக்கு முன் ஒருமுறையோ இருமுறையோதான் பார்ப்பார். சில நாள் அன்று காலைதான். மாதக்கணக்கில் அவரோடு உட்கார்ந்து வாக்குமூலத்தை வரி வரியாக எழுதுபவர் சொலிசிட்டரோ வழக்குப் பணியாளரோதான். பாரிஸ்டரின் பொழுது இரவில் கோப்போடும், ஒரு நாட்டின் நிலவரம் பற்றித் தீர்ப்பாயம் தரும் வழிகாட்டுத் தீர்ப்புகளோடும் போகிறது. இலங்கை பற்றிய 2021இன் கே.கே., ஆர்.எஸ். தீர்ப்பை இரவு பதினொரு மணிக்கு நான்காவது முறையாக வாசிப்பது உங்களுக்கு மகிழ்ச்சி தருமா? தரும் என்றால் நீங்கள் பாரிஸ்டர் வழிக்குரியவர். நான் மனமார ஊக்கப்படுத்துவேன். அந்த அம்மாவின் பக்கத்து நாற்காலிதான் உங்களை இழுக்கிறது என்றால், மற்ற இரண்டு வழிகளும் உங்களை அங்கே விரைவாகக் கொண்டுசேர்க்கும்.

தெரிந்துகொள்ள ஒரு வழி இருக்கிறது. உங்களுக்குப் பணி இல்லாத ஒரு நாளில் டெய்லர் ஹவுஸுக்குப் போய்ப் பார்வையாளராகப் பின்வரிசையில் அமருங்கள். விசாரணைகளில் பெரும்பாலானவை பொதுமக்களுக்குத் திறந்தவையே. மேல்முறையீட்டாளரைப் பார்க்காமல் வாதிடுபவரை மட்டும் பாருங்கள்: குறுக்கு விசாரணைக்குப் பிறகு என்ன கேட்டார், எதைக் கேட்காமல் விட்டார், நீதிபதி பேனாவை எடுத்த இடம் எது. பிறகு ஒரு சேம்பர்ஸில் மினி பியூபிலேஜ் கேளுங்கள். சில நாள் உடனிருந்து பார்ப்பதுதான், பணியை விட வேண்டியதில்லை. பட்டயம் தொடங்கிய பிறகு எஃப்.ஆர்.யூ. போன்ற இலவசப் பிரதிநிதித்துவ அமைப்பில் சேரலாம். சமூகநல உதவி மேல்முறையீடுகளில் சட்ட மாணவர்களையே பயிற்றுவித்து வாதிட அனுப்புகிறார்கள்.

இந்தக் கோடையில் வேலையை விட வேண்டாம். இப்போதைக்கு மூன்று காரியம் போதும்: பட்டத்தின் நிகர்நிலையை எழுத்தில் கேளுங்கள், ஆணையத்தின் முதல் நிலைத் தேர்வுக்கான பாடத்திட்டத்தை எடுத்து வாசியுங்கள், வரும் சனிக்கிழமை மண்டபத்து மேசையில் பதிவுபெற்ற ஆலோசகர்களின் பட்டியலை அச்சிட்டு வையுங்கள். வருகிறவர்களிடம், “நான் வாசித்துச் சொல்கிறேன், என்ன எழுதுவது என்பதை இவர்களிடம் கேளுங்கள்” என்று சொல்லுங்கள். டெய்லர் ஹவுஸ் பின்வரிசையில் ஒரு நாள் இருந்து பார்த்த பிறகு எனக்கு மறுபடி எழுதுங்கள்.